ப. சிங்காரத்தின் நாவல்களில் பிரிவு

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோர் பலர் ப. சிங்காரத்தைப் (1920–1997) போர்க்கால நாவலாசிரியர் என ஒரு தொடரிற் கூறி அமைவர். அது பிழையன்று, ஆயினும் போதாது.

சிங்கம்புணரியிற் பிறந்த சிங்காரம் 1938-இல் வட்டிக்கடை வேலைக்காகச் சுமத்ராவின் மேடான் நகருக்குச் சென்றார். அங்கே மணந்த மனைவி மகப்பேற்றின்போது இறந்தார். 1946-இல் தாயகம் திரும்பியவர் மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றினார். மறுமணம் செய்துகொள்ளாது விடுதி அறையிலேயே தனித்து வாழ்ந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்று 1959-இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் அச்சேறிற்று. இரண்டும் அவர் திரும்பி வந்த பின்னர் எழுதப்பட்டவை என்பதையே யாம் முதன்மையாகக் கருதுகிறோம்.

அயல்மண்ணில் திரியும் பாண்டியன் மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைக்கிறான். மதுரையில் அமர்ந்த ஆசிரியரோ மேடான் தெருக்களை நினைந்து எழுதுகிறார். பாத்திரத்தின் நினைவு செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் ஆசிரியரின் நினைவு செல்கிறது. பிரிந்தவன் ஊரை நினைத்தல் பாலைத்திணை பயின்றார்க்குப் பழகிய பொருள். திரும்பியவன் அயலூரை நினைந்து உள்ளூரில் அயலானாதல் அத்திணையுள் அடங்குமாறில்லை.

கடல்வழிச் செல்வோர் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்றார் தொல்காப்பியர். நகரத்தார் கடைகளின் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூவாண்டுக் கணக்கிற்குத் தனியே கப்பலேறிய வழக்கம் அந்நூற்பாவிற்கு வாழ்க்கையே எழுதிய உரை போன்றது. 'கடலுக்கு அப்பால்' நாவலிற் செட்டியார் குடும்பத்துடன் அயல்நாட்டில் வாழ்வது விலக்கு. அவ்விலக்கிலிருந்தே கதை பிறக்கிறது. இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து மீண்ட செல்லையா மரகதத்தை விரும்புகிறான். படைக்கலம் ஏந்திய கை இனிப் பேரேட்டிற்கு ஆகாது என்பது செட்டியார் துணிபு. செல்லையா இழப்பை ஏற்று உயிர் வாழ்கிறான். பாண்டியனுக்கு அவ்வமைதி வாய்க்கவில்லை. டச்சுக்காரரை எதிர்த்த இந்தோனேசிய விடுதலைப் போரிற் புகுந்து அங்கேயே மடிகிறான்.

இனி, பாண்டியனும் நண்பர்களும் தமிழிலக்கியம் பற்றி மதுக்களிப்பில் உரையாடும் பகுதிகள் கதைக்குப் புறம்பானவை என்பர் சிலர். கம்மாபுரத்தில் எம் இல்லத்தில் முதுகலை மாணவர் சிலருடன் இவற்றைப் படித்தபோது ஒருவர் வெளிப்படையாகவே சினந்தார். பழந்தமிழ்ப் பெருமை எள்ளப்படுகிறது என்பது அவர் குறை. முதல் வாசிப்பில் எமக்கும் அச்சினம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? எள்ளல் உண்மைதான். ஆனால் எள்ளுவோர் யார்? நிலமும் சுற்றமும் இழந்து, மொழி ஒன்றையே கைம்முதலாகக் கொண்டு கடல் கடந்தவர்கள். உள்ள ஒரே காசைச் சுண்டிப் பார்ப்பவனைக் காசை இகழ்ந்தான் எனல் தகுமா? இப்பகுதிகளை நீக்கினால் எஞ்சுவது வீரதீரக் கதையே.

அவ்வாறு எஞ்சுமிடங்களும் நாவலில் உள என்பதை ஒப்புதல் வேண்டும். பிற்பகுதியிற் பாண்டியனின் அருஞ்செயல்கள் துப்பறியும் கதைகளை நெருங்குகின்றன, பெண்பாத்திரங்களும் நிழலளவே. 1942-இல் ஜப்பானியர் மேடானிற் புகும் தொடக்கக் காட்சியின் செறிவு அங்கெல்லாம் இல்லை.