சீகன்பால்கின் தமிழ்நூற் பட்டியும் அவர்தம் உள வளர்ச்சியும்

அயல்நாட்டிற் சமயத்தொண்டு ஆற்றச் சென்றோர் எழுதிய கடிதங்களைக் கொண்டு அவர்தம் உளநிலையை ஆராயப் புகுவார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அக்கடிதங்கள் தனிமனித உள்ளத்தின் நேரிய வெளிப்பாடு போலத் தோன்றும். ஆயினும் அவற்றுட் பல, பொருளுதவி புரிவோரும் அன்பரும் படித்து ஊக்கம் பெறுதற்பொருட்டுத் தேர்ந்தும் திருத்தியும் அச்சிடப்பெற்றவை. தரங்கம்பாடிச் சமயத்தொண்டர்தம் கடிதங்கள் 1710 முதல் ஹாலே நகரில் தொடர்ந்து வெளியிடப்பெற்ற முறையும் இதுவே. துன்பம் நேர்தல், இறைவனை வேண்டுதல், துன்பம் நீங்குதல் என்னும் மூன்று படிகளில் அவை பெரும்பாலும் அமைந்துவிடும். வார்ப்பில் ஊற்றிய இவ்வளர்ச்சியை மெய்யான வளர்ச்சியாகக் கொள்ளுதல் ஆராய்ச்சிக்குப் பொருந்துவதன்று.

அங்ஙனமாயின், அயல்நாட்டுத் தொண்டர் ஒருவரின் உள வளர்ச்சியை எங்குக் காண்பது? அவர் தம்மைப்பற்றிக் கூறும் இடங்களிற் காண்பதினும், தம்மை மறந்து பணிசெய்த இடங்களிற் காண்பதே தகும் என்பது நம் கருத்து. பர்த்தலோமேயு சீகன்பால்கு தொகுத்த நூற்பட்டியையும் அவர் எழுதிய ஏனைய நூல்களையும் சான்றாகக் கொண்டு இக்கருத்தை ஈண்டு நிறுவ முயல்வோம்.

வந்த சூழல்

சீகன்பால்கு 1682இல் செருமானிய நாட்டுச் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்னிட்சு என்னும் ஊரிற் பிறந்தவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர், உடல்நலம் குன்றியவர். ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் சார்பிற் கல்வி பயின்றார். தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணையால், புளூட்சோ என்பாருடன் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார். மன்னரின் ஆணை கையில் இருந்தும் அவ்வூரில் இருந்த வாணிகக் குழுவினர் அவரை விரும்பவில்லை. சமயப் பரப்புரை வாணிகத்திற்குத் தீங்காகும் என்பது அவர்தம் அச்சம். ஒரு கைம்பெண்ணின் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசியமையால் தலைவருக்கும் அவருக்கும் பகை முற்றியது. 1708ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சிறையிடப்பெற்றுப் பின்னை ஆண்டின் தொடக்கம்வரை ஏறத்தாழ நான்கு திங்கள் கோட்டையில் அடைபட்டிருந்தார். இவரைப் போற்றி எழுதுவோர் இச்சிறைவாழ்வையே அவர் வளர்ச்சியின் திருப்புமையமாகக் காட்டுவர்.

நாம் அவ்வாறு கருதவில்லை. சிறை அவர்தம் உறுதியைச் சோதித்தது. நோக்கினை மாற்றியதாகத் தெரியவில்லை. நோக்கினை மாற்றிய நிகழ்ச்சி சிறைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. அது தமிழ்ப்படிப்பு.

நூற்பட்டி காட்டும் உண்மை

தரங்கம்பாடியில் அவர் முதியவர் ஒருவரிடம் எழுத்துக் கற்றார். பள்ளிச் சிறாருடன் மணலில் எழுதிப் பழகினார். பின்னர்ப் புலவர் ஒருவரும் எழுத்தர் சிலரும் உடனிருப்பக் காலைப்பொழுதைத் தமிழ்நூல் வாசிப்புக்கே ஒதுக்கினார். எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி ஏட்டுச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். இவ்வாறு திரட்டிய நூல்களுக்கு 1708இல் செருமானிய மொழியில் அவர் எழுதிய விளக்கப் பட்டியே 'பிப்லியோதெக்கா மலபாரிக்கா' என வழங்குவது. கிறித்தவ நூல்களுக்கும் இசுலாமிய நூல்களுக்கும் தனிப்பகுதிகள் அமைத்து, இந்நாட்டுச் சமயத்தார்தம் நூல்கள் 119ஐ ஒரு பகுதியில் தொகுத்துள்ளார். தொல்காப்பியமும் திருக்குறளும் சிவவாக்கியமும் அதன்கண் இடம்பெறுகின்றன.

இப்பட்டியை வெறும் பெயர்நிரல் எனத் தள்ளுதல் கூடாது. நூல் எப்பொருளைப் பற்றியது, யாரால் இயற்றப்பெற்றது, மக்களிடை எத்தகைய மதிப்புடையது, எளிதோ அரிதோ என அவர் குறித்துச் செல்கின்றார். தமிழ்நூல்களைப்பற்றி ஐரோப்பிய மொழியில் எழுந்த தொடக்ககால மதிப்பீடுகளுள் இது தலையாயது எனலாம். ஊருக்கு வந்து ஈராண்டே ஆன ஒருவர், தாம் மறுக்க வந்த சமயத்தின் நூல்களை இத்துணைப் பொறுமையுடன் எண்ணிப் பதிவுசெய்தது எதனைக் காட்டுகின்றது? மறுப்பதற்கு முன் அறிதல் வேண்டும் என்னும் கடமையுணர்வை அது காட்டுகின்றது. அவ்வுணர்வு நாளடைவில் மதிப்புணர்வாக முதிர்ந்தது. இந்நாட்டு மக்கள் நாகரிகம் அற்றவர் என ஐரோப்பியர் கருதுதல் மொழியறியாமையின் விளைவே என்றும், தாமும் முன்னர் அவ்வாறே எண்ணி நூல்களைக் கற்றபின் மாறியதாகவும் அவர் எழுதியுள்ளார். இக்கூற்றை மட்டும் கொண்டு நாம் முடிவுகட்டவில்லை. அதே 1708ஆம் ஆண்டில் அவர் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானியத்தில் மொழிபெயர்த்தமையே கூற்றை மெய்ப்பிக்கும் செயலாகும்.

நூலிலிருந்து மக்களுக்கு

அவர்தம் அடுத்த வளர்ச்சியை இரு நூல்களை ஒப்பிட்டு அறியலாம். 1711இல் அவர் முடித்த சமய ஆராய்ச்சி நூல், தமிழ்நூல்களிலிருந்து நீண்ட பகுதிகளை எடுத்துக்காட்டி அமைவது. அதன்கண் சிவவாக்கியம் பெரிதும் ஆளப்பெறுகின்றது. உருவ வழிபாட்டைக் கடியும் அப்பாடல்கள் அவர் கருத்துக்கு இயைந்தன. ஆதலின் அவற்றை விரும்பி எடுத்தார். அப்பாடல்கள் எழுந்த சித்தர் மரபின் உட்பொருளை விடுத்துத் தமக்குத் துணையாவதை மட்டும் கொண்டார் என்னும் குறை இங்கு உண்டு. இது படிக்கத் தெரிந்த ஒருவரின் குறை. கேட்கத் தெரிந்தவரின் குறையன்று.

1712 முதல் அவரும் உடன்பணியாளர் கிரண்ட்லரும் கற்றறிந்த தமிழர்க்கு வினாக்கள் விடுத்து, அவர் எழுதிய விடைகளைச் செருமானியத்தில் மொழிபெயர்த்து அனுப்பினர். அவற்றுள் 99 மடல்கள் ஹாலேயில் அச்சேறின. அம்மடல்களில் ஐரோப்பியக் கிறித்தவரின் குடியும் தூய்மையின்மையும் கண்டிக்கப்பெறுகின்றன. தம்மவர்மீது சாற்றப்பெற்ற குற்றச்சாட்டினைத் தாமே மொழிபெயர்த்துத் தம் நாட்டிற்கு அனுப்புதல் எளிய செயலன்று. அவர்தம் மன முதிர்ச்சிக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இம்மடல்களின் பயனை 1713இல் எழுதிய தெய்வ மரபு நூலிற் காண்கிறோம். பராபரவஸ்து, மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என அந்நூல் நான்கு பகுதிப்படும். இவ்வைப்புமுறை இந்நாட்டார் தாமே கூறிய முறையைத் தழுவியது. ஊர்ப்புறத் தெய்வங்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கியமை குறிப்பிடத்தக்கது. ஏட்டை மட்டும் நம்பியவர்க்கு அப்பகுதி தோன்றியிராது. ஏட்டிற் கற்றவர் மக்களிடம் கேட்டு எழுதும் நிலைக்கு உயர்ந்தார் என்பதே இரு நூல்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு.

இந்நூலை அச்சிட ஹாலேயில் விருப்பம் இல்லை. புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பெற்றவர் அதனை ஐரோப்பாவில் அறிவித்தல் தகாது என்னும் எண்ணம் அங்கு நிலவியது. 1867இல் கெர்மான் என்பார் சென்னையில் வெளியிட்டபோது நூல் பல மாற்றங்களுக்கு உட்பட்டது. 1711ஆம் ஆண்டு நூலோ 1926இற்றான் காலண்ட் என்னும் அறிஞரால் வெளிவந்தது. மூலத்தை ஒட்டிய தெய்வ மரபுப் பதிப்பு 2003இல் தோன்றியது. ஆகவே 1867ஆம் ஆண்டுப் பதிப்பையும் அதன் வழிப்பட்ட ஆங்கிலப் பெயர்ப்பையும் அடிப்படையாகக் கொண்டு சீகன்பால்கின் மனப்பான்மையை அளந்த பழைய கட்டுரைகள் மறுபார்வைக்கு உரியன. பதிப்பாசிரியர் சொல்லை நூலாசிரியர் சொல்லாகக் கொண்டு ஒருவரைப் புகழ்தலும் இகழ்தலும் ஒருபோலப் பிழையே.

நடைபற்றிய வினா

இனி, அவர்தம் தமிழ்நடையைப்பற்றிய தடையொன்றை ஆராய்வோம். 1711இல் மொழிபெயர்த்து முடித்துப் பின்னர்த் தரங்கம்பாடியில் அச்சேற்றிய புதிய ஏற்பாட்டின் நடை செம்மையற்றது என்பர். வீரமாமுனிவரும் தம் 'வேத விளக்க'த்தில் தரங்கம்பாடியார் தமிழை எள்ளினார். பிற்காலத்துப் பப்ரீசியசு அம்மொழிபெயர்ப்பைப் புதுக்க வேண்டியதாயிற்று. திருக்குறளைக் கற்றவர் செந்தமிழ் எழுதாதது ஏன்?

அறியாமையே காரணம் என்பது முழுவிடை ஆகாது. அவர் வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியும் செய்யுட் சொற்களுக்கு வேறோர் அகராதியும் தொகுத்தவர். இருவகைத் தமிழின் வேறுபாட்டை உணர்ந்தே, எளிய மக்கட்குப் பேச்சுவழக்கைத் தேர்ந்தார் என்பது இதனாற் பெறப்படும். 1716இல் ஹாலேயில் வெளிவந்த அவர்தம் 'கிராமத்திக்கா தாமுலிக்கா' என்னும் இலக்கண நூலும் வழக்குத் தமிழையே விளக்குகின்றது. தேர்வு சரி, செயற்பாட்டிற் குறை உண்டு. இலத்தீன் இலக்கணச் சட்டகத்துள் தமிழை அடக்க முயன்றமையும், தொடரமைதியில் அயன்மொழிச் சாயல் புகுந்தமையும் மறுக்கவொண்ணாதன. வீரமாமுனிவர் பெற்ற நீண்ட வாழ்நாள் அவருக்கு வாய்க்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கோப்பன்கேகன் பணிக்குழுச் செயலர் வென்ட் என்பாரின் கடுஞ்சொல் மடல்கள் இறுதிக்காலத்தில் அவரை வருத்தின. பழைய ஏற்பாட்டை ரூத் நூல் அளவிற்கு மொழிபெயர்த்த நிலையில், 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

முடிவு

சீகன்பால்கு தம் சமயநோக்கினை இறுதிவரை விட்டாரல்லர். ஆதலின் அவரைத் தமிழுக்காகவே வந்தவர் எனப் புனைந்துரைத்தல் வரலாற்றுக்கு மாறு. மதமாற்றக் கருவியாகவே தமிழைக் கற்றார் எனக் கூறி அமைதலும் அவர் நூல்களைப் படியாதார் கூற்றாகும். கருவியாகக் கற்கத் தொடங்கிய மொழி கற்றவரையே மாற்றியது என்பதே நூல்கள் உணர்த்தும் உண்மை. நம்பிக்கை மாறாது நின்றது. பிறரை அறியும் முறை மாறியது. அவர்தம் வளர்ச்சியின் அளவும் எல்லையும் இதுவே.

இவ்வளர்ச்சிக்கு உதவிய தமிழர் பலர்தம் பெயர்களை நாம் அறியோம். மணலில் எழுத்துக் கற்பித்த ஆசிரியர், பாட்டுக்குப் பொருள் உரைத்த புலவர், ஊர்தோறும் சென்று ஏடு கொணர்ந்த எழுத்தர், வினாவுக்கு விடை எழுதிய சான்றோர் ஆகியோரின் அறிவே அந்நூல்களுள் செருமானிய உருவில் நிற்பது. அவர்தம் சொற்களை மொழிபெயர்ப்பின் அடியிலிருந்து பிரித்தறிந்து மீட்கும் பணி தமிழ்த்துறை மாணவர்க்கு உரியது. பட்டியின் ஒவ்வொரு பதிவையும் இன்று கிடைக்கும் சுவடிகளோடும் அச்சுநூல்களோடும் ஒப்பிட்டு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக் கடற்கரை ஊரொன்றில் எந்நூல்கள் பயிலப்பெற்றன என்பதை வரையறுக்கலாம். 2012இல் புதுச்சேரியில் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பு இதற்கு வழிகாட்டியுள்ளது. தமிழறிந்தாரால் அப்பணி மேலும் விரிவுற வேண்டும்.