ஜீஸ் பெண்ட் போர்வைகள்: ஒரு நோக்கு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, ஆற்று வளைவொன்றினுள் அமைந்த கறுப்பின மக்களின் கிராமம் ஜீஸ் பெண்ட். அங்குள்ள பெண்கள் பழந்துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைகள் 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நுண்கலை நூதனசாலையிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் நியூயோர்க்கும் அவற்றை வியந்தது. மத்தீஸ், கிளே ஆகியோரின் ஓவியங்களோடு அவை ஒப்பிடப்பட்டன. பாராட்டுத்தான், எனினும், போர்வை சுவரிலே தொங்கிய பின்னரே பிறந்த பாராட்டு அது.

மிசூரி பெற்வே 1942இல் தைத்த போர்வையை நோக்குவோம். கணவர் இறந்தபின், அவரது வேலையுடைகளைக் கிழித்து, அவரை நினைந்து போர்த்திக்கொள்வதற்கென்றே அதனைத் தைத்தார். (பெற்வே என்பது முன்னாள் அடிமையுடைமையாளனின் பெயர் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.) இத்தகைய போர்வைகளின் வெளிறிய நீலம் வெயிலும் சலவையும் தந்தது, பை பிரித்தெடுக்கப்பட்ட இடம் மட்டும் கருமை குன்றாது எஞ்சியிருக்கும். அச்சதுரத்தை வெறும் வடிவமாகக் காண்பவர் பாதியையே காண்கிறார்.

அவ்வாறாயின் இவை வறுமையின் சான்றுகள் மட்டுமா? அதுவும் பொருந்தாது. குளிரைத் தடுக்க எவ்வாறு ஒட்டினாலும் போதும். இப்பெண்களோ கோட்டைச் சற்றே கோணலாக்கினர். எதிர்பாராத மூலையிலே ஒரு சிவப்பை வைத்தனர். அத்தெரிவை மத்தீஸின் துணையின்றியே மதிப்பிடலாம்.