உருக்காலையா, உருட்டாலையா?

சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுத் தொன்மை உடையது எனத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அண்டை மாவட்டத்துச் செய்தி. சங்கரன்கோவில் இளைஞர் நெஞ்சு நிமிர்த்துவதில் வியப்பில்லை. ஆனால், மேடையேறிப் பெருமை பேசுவோரை நாம் ஒன்று கேட்போம். அன்று உலை மூட்டினோம், சரி. இன்று உலை எங்கே?

நம் ஊர் விசைத்தறியைப் பாருங்கள். அதன் பல்சக்கரமும் இரும்பே. அவ்விரும்பு கஞ்சமலையில் பிறந்ததன்று!

இந்துஸ்தான் ஸ்டீல் நிறுவனம் 1954இல் தோன்றியது. ரூர்கேலாவிலும் பிலாயிலும் துர்க்காபூரிலும் 1959இலேயே ஊதுலைகள் கனன்றன. சேலத்தின் கதை யாது? 1967 ஜூலை 23 அன்று, அறிஞர் அண்ணாவின் ஆட்சி எழுச்சி நாள் நடத்திக் கேட்க வேண்டியிருந்தது. 1970இல் அடிக்கல், 1981இல்தான் ஆலை இயங்கியது. இடையே 1973இல் உருவான 'செயில்' நிறுவனத்தின் உறுப்பாக அது அமைந்தது.

நிலக்கரி கிடைக்கும் பக்கம் ஆலை எழுவது இயல்பு என்பர். கஞ்சமலைத் தாதில் இரும்பு குறைவு என்பர். உண்மை, மறுக்கவில்லை. ஆயினும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியால் அதனை உருக்கலாமா என்று அந்நாளில் ஆராய்ந்தனர் அன்றோ? அந்த ஆராய்ச்சி ஆலையாக மலரவில்லை. பெயர் உருக்காலை, செய்தது உருட்டல்! பிற ஊர்களில் உருக்கிய எஃகு இங்கு வந்து தகடாயிற்று. சொந்த உலை 2010இல்தான் வந்தது. அதுவும் பழைய இரும்பை உருக்கும் மின்னுலை. அடிக்கல்லுக்கும் உலைக்கும் இடையே 40 ஆண்டுகள்!

சேலத்துத் துருவேறா எஃகின் தரத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. தொழிலாளரின் கைத்திறனுக்கு அதுவே சான்று. ஆனால் ஆலை நட்டத்தில் தள்ளாடியபோது, 2019இல் அதனை விற்க விண்ணப்பம் கோரினர். தொழிலாளர் எதிர்த்துப் போராடினர், விற்பனை நடந்தேறவில்லை. அந்நாளில் தொன்மை பாடிய நாவலரில் எத்தனை பேர் ஆலை வாயிலில் நின்றனர்?

தோழர்களே! முன்னோர் உருக்கிய இரும்பால் நம் வீட்டு அடுப்பு எரியாது. இனிச் சிவகளையைப் பாடுவோர் சேலத்தின் கணக்கையும் சொல்லட்டும். எத்தனை டன் உற்பத்தி? எத்தனை பேருக்கு நிலையான வேலை? நட்டம் ஏன்? நிலம் ஈந்த உழவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? இவற்றுக்கு விடை கேட்கும் இளைஞர்தாம், 5,300 ஆண்டுக்கு முன் உலை ஊதியோரின் உண்மையான வழித்தோன்றல்கள்.