கொடைச் சத்தமும் கிதார்ச் சத்தமும்

ஏரல் பக்கத்தில் அம்மன் கொடை நடக்கிற ராத்திரியில் தூங்க நினைப்பவன் ஊரைவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு பக்கம் நையாண்டி மேளம். இன்னொரு பக்கம் வில்லுப்பாட்டு. நள்ளிரவில் சாமியாடி அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் எடுப்பார். அதற்குச் சுருதி உண்டா என்று யாரும் கேட்பதில்லை, கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அதே ஜனங்கள், வீட்டுப் பையன் 'மெட்டல்' சங்கீதம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நானும் பொத்திக்கொண்டவன்தான். என் தங்கை மகன் விடவில்லை. "பத்து நிமிஷம் கண்ணை மூடிக் கேளுங்க மாமா. சாமியாடி ஞாபகம் வரலைன்னா நிறுத்திருதேன்" என்றான்.

வந்தது! அவன் போட்டது 'ருத்ரா' என்ற சிங்கப்பூர்க் குழுவின் இசைத் தொகுப்பு. 1992-இல் தொடங்கிய குழு. அதன் பாடகர் கதிர். 2022-இல் வந்த 'எய்ட் மகாவித்யாஸ்' தொகுப்பை நீங்களும் கேட்கலாம். வேதாந்தத்தையும் சம்ஸ்கிருத சுலோகங்களையும் இடி முழக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு குறை: உறுமலில் வார்த்தைகள் அமுங்கிப்போகின்றன. பாட்டை எழுத்தில் வைத்துக்கொண்டு கேட்பது உத்தமம்.

அடுத்தது 'பங்க்'. இரண்டு மூன்று சுரக்கட்டுகளும் நிறையக் கோபமும் இருந்தால் போதும் என்று 1970-களில் இளைஞர்கள் கிளப்பிய சங்கதி அது. நம்மிடம் அந்தக் கோபத்துக்கு உறவு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறினார்கள். கானாவும் பறையும் கிதாரும் ஒரே மேடையில்! 'சாதியற்ற' என்ற பெயரை அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சில பாட்டுகளில் பிரசங்கம் சற்றுத் தூக்கல். ஆனால் பறை விழுந்தவுடன் அந்தக் குறை மறந்துபோகிறது.

நாட்டுப்பாடலுக்கு வருவோம். 'என்ஜாய் எஞ்சாமி'யால் 2021-இல் பெயர் பெற்ற அறிவு, 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுப்பை வெளியிட்டார். வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டவர். பாட்டியின் பெயரைத் தொகுப்புக்கே வைத்த பேரனை எனக்குப் பிடித்திருக்கிறது.

சுயேச்சையாகக் கிதாருடன் பாடுகிறவர்களில் கபேர் வாசுகியைச் சொல்வேன். டி.எம். கிருஷ்ணா 2017-இல் பாடிய எண்ணூர்ப் புறம்போக்குப் பாடலை எழுதியவர் இவர். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் சாம்பலை அறிந்த நமக்கு அது வேற்றூர் விஷயமல்ல.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு கஷ்டம் உண்டு. இந்தப் பாட்டுகளோடு கதாநாயகனின் முகம் வருவதில்லை. சினிமாவில் வராத பாட்டை நாம் பாட்டாகவே மதிப்பதில்லையே! போன கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் கதையின் உச்சத்துக்கு வந்த நேரம், பக்கத்துத் தெரு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறியது. கூட்டத்தில் பாதி எழுந்து போயிற்று. அவர் வில்லை நிறுத்தவில்லை. மிச்சமிருந்த பத்துப் பதினைந்து பேருக்காக விடியும்வரை பாடினார்.

நானும் அந்தப் பதினைந்து பேரில் ஒருவன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் எழுந்து போனவன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தச் சிபாரிசு. ஒரு சாயங்காலம் ஒதுக்கி, இவற்றில் ஒன்றையாவது முழுக்கக் கேளுங்கள்.