இயற்கை வாயுத் துறைக் கலைச்சொற்கள்: ஒரு விமர்சன நோக்கு

ஒரு துறையின் கலைச்சொற்கள் அத்துறையில் தொழில் செய்வோரின் தனியுடைமை என்று கருதுவது வழக்கம். தொழிலகத்தின் மதிலுக்குள் நிற்கும்வரை அக்கருத்திற் பெருந்தவறில்லை. ஆயின் அத்துறையின் விளைபொருள் அடுக்களைக்குள் வந்து சேருமிடத்து, சொல்லும் அதனுடன் வந்து சேர்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பாகங்களிலும் சமையல் வாயு சார்ந்த வெடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றை ஆராய நியமிக்கப்பட்ட குழு, வாயுவின் சேர்மானம் மாறியமையைப் பிரதான காரணமாகக் கண்டது. புரொப்பேன், பியூற்றேன் என்னும் சொற்கள் அந்நாட்களிற் பத்திரிகைகளில் நாள்தோறும் இடம்பெற்றன. புரொப்பேனின் விகிதம் கூடினால் சிலிண்டரினுள் அமுக்கமும் கூடும் என்பதே செய்தியின் உயிர்நாடி. அப்பெயர்களை மட்டும் அறிந்து அவற்றின் வேறுபாட்டை அறியாத வாசகருக்கு அச்செய்தி வெறும் ஓசையாகவே நின்றிருக்கும்.

மன்னார்ப் படுகையில் 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட நீராழத்தில் 2011ஆம் ஆண்டு இயற்கை வாயு கண்டறியப்பட்டது. அதன் உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. எனவே, இத்துறைக்குரிய தமிழ்ச் சொற்களை ஆர அமரச் சிந்தித்து அமைப்பதற்கு இன்னமும் காலம் உண்டு. இக்காலத்தைப் பயன்படுத்துவதற்கு முன், ஆங்கிலச் சொற்களின் இயல்பை முதலில் நோக்குதல் தகும்.

கிணற்றிலிருந்து வெளிவரும் வாயு அப்படியே எரிபொருளாவதில்லை. அதன் பெரும்பகுதி மெதேன். அதனுடன் எதேன், புரொப்பேன், பியூற்றேன் முதலிய பாரமான ஐதரோக்காபன்களும், நீராவியும், காபனீரொட்சைட்டும், சிலவிடத்து ஐதரசன் சல்பைட்டும் கலந்திருக்கும். இவற்றைப் பிரித்தெடுத்தலே வாயுப் பதப்படுத்தல் ஆகும். இத்தொழிலின் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் ஆய்வுகூடத்திற் பிறந்தவை அல்ல. கிணற்றடியிலும் குழாயடியிலும் உழைத்தவர்களின் வாயிற் பிறந்தவை. குழாயின் உட்புறத்தைத் துப்புரவு செய்யச் செலுத்தப்படும் கருவிக்குப் பன்றி என்றும், கிணற்றின் வாயிலுள்ள வாயில்களின் அடுக்குக்குக் கிறிஸ்மஸ் மரம் என்றும் அவர்கள் பெயரிட்டனர். தொழில் முன்னே வந்தது. சொல் பின்னே வந்தது. தமிழிலோ சொல் முன்னே வரவேண்டிய நிலை. இவ்வேறுபாட்டை மறந்து ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போமாயின், அனுபவம் அங்கேயே தங்கிவிட உவமை மட்டும் இங்கு வந்து சேரும்.

ஓர் உதாரணம் காண்போம். ஆங்கிலத்தில் ஈரமான வாயு எனப்படுவது நீர் கலந்த வாயு அன்று. குளிர்விக்கும்போது திரவமாக ஒடுங்கக்கூடிய எதேன், புரொப்பேன் முதலியன மிகுந்த வாயுவையே அத்தொடர் குறிக்கும். அவை நீங்கி மெதேனே எஞ்சியிருப்பது உலர் வாயு. நீராவியை அகற்றுவது முற்றிலும் வேறானதொரு படிமுறை. ஆகவே நீர் முழுவதும் அகற்றப்பட்ட பின்னரும் ஒரு வாயு ‘ஈரமாகவே’ இருத்தல் கூடும். ‘ஈரவாயு’ என நேர்பெயர்ப்புச் செய்தால், தமிழறிந்த எவரும் அதனை நீரோடு தொடர்புபடுத்தியே விளங்கிக் கொள்வர். அவர் மீது பிழையில்லை; பிழை சொல்லின் மீதே. ‘ஒடுங்குவன மிகுந்த வாயு’ என்னும் தொடர் நீளமாயினும் பொய் சொல்லாது.

இதனினும் பாரதூரமானது ‘புளிப்பு வாயு’ என்னும் பெயர்ப்பு. ஐதரசன் சல்பைட்டு அடங்கிய வாயுவை ஆங்கிலேயர் புளிப்பென்றும், அது நீங்கியதை இனிப்பென்றும் வழங்குவர். தமிழ் வழக்கிற் புளிப்பு என்பது அறுசுவையுள் ஒன்று. அச்சந்தரும் சொல் அன்று. ஐதரசன் சல்பைட்டோ கொடிய நஞ்சு. வளியிலும் பாரமானதாதலின் பள்ளங்களிற் தேங்கும். மிகச் சிறிய அளவிற் கூழ்முட்டை போல நாறும் அது, பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்னும் அளவை எட்டும்போது முகரும் புலனையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றமையால் ஆபத்து நீங்கியதென எண்ணுபவன் உயிரிழப்பான். அத்தகைய இடத்திற் ‘புளிப்பு வாயு’ என எழுதிய அறிவித்தற் பலகை எவரைக் காக்கும்?

இச்சொல்லில் மொழியியல் சார்ந்த சிக்கலொன்றும் உண்டு. அமில வாயு என்பது இத்துறையில் ஐதரசன் சல்பைட்டையும் காபனீரொட்சைட்டையும் ஒருங்கே குறிக்கும். காபனீரொட்சைட்டு மாத்திரம் கலந்த வாயு அமிலத்தன்மையது. ஆயின் புளிப்பு வாயு ஆகாது. அமிலம் என்னும் சொல்லோ புளிப்பு எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. எனவே ஆங்கிலத்தில் வேறுபடுத்தப்பட்ட இரு கருத்துகள் தமிழில் ஒரே வேரிற் சென்று முட்டிக்கொள்கின்றன. ஒன்றினை ‘அமில வாயு’ எனவும் மற்றதனைக் ‘கந்தக நச்சு வாயு’ எனவும் வழங்கின் மயக்கமும் நீங்கும். எச்சரிக்கையும் சொல்லிலேயே அடங்கும்.

இவை கொண்டு தமிழ்க் கலைச்சொல்லாக்கம் தோல்வியுற்றது என முடிவு செய்தல் பொருந்தாது. ஆங்கிலத்தை விஞ்சி நிற்கும் சொற்களும் நம்மிடையே உள. நீராவியை அகற்றுவதற்கு இரு வழிகள் உண்டு. கிளைக்கோல் என்னும் திரவம் நீரைத் தன்னுள்ளே ஏற்கும். மூலக்கூற்றுச் சல்லடை எனப்படும் திண்மம் நீரைத் தன் மேற்பரப்பிற் பற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இவ்விரு செயல்களின் பெயர்களும் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடும். இலங்கைப் பாடநூல்களோ முன்னையதை அகத்துறிஞ்சல் என்றும் பின்னையதைப் புறத்துறிஞ்சல் என்றும் வழங்கின. அகம், புறம் என்னும் பகுப்பிற் பழகிய தமிழ் மாணவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அவ்வாறே, தமிழகத்தார் கச்சா எண்ணெய் என்பதனை இலங்கையார் மசகு எண்ணெய் என்றனர். வண்டியச்சுக்கு இடும் மசகை அறிந்த சமூகம், தன் தொழிற் சொல்லையே புதுப்பொருளுக்கு நீட்டிக் கொண்டது. தமிழகத்தில் வழங்கும் ‘பின்னக் காய்ச்சி வடித்தல்’ என்பது கணிதப் பின்னத்தை நினைவூட்ட, ‘பகுதிபடக் காய்ச்சி வடித்தல்’ என்னும் இலங்கை வழக்கு நிகழ்வதையே கூறுகின்றது. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்ட காலத்தில், துறையறிவும் தமிழறிவும் ஒருங்கே இயங்கியமையின் பயன் இது.

எல்லாவற்றையும் தமிழாக்குக என்பது இதன் கருத்தன்று. மானிப்பாயில் மருத்துவம் போதித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. அறிவியலைத் தமிழிற் போதிக்கப் பெரிதும் உழைத்த அவரே ஒலிபெயர்ப்பையும் கையாண்டார். மெதேன், எதேன், புரொப்பேன், பியூற்றேன் என்னும் வரிசை ஒன்று முதல் நான்கு வரையான காபன் அணுக்களை முறையே உணர்த்துவது. அப்பெயர்களைத் தமிழாக்கினால் அவ்வொழுங்கு குலையும். பொருளின் பெயர் உலகப் பொதுவாக நிற்கட்டும். செயலின் பெயரும் நிலையின் பெயரும் தமிழில் அமையட்டும். இவ்வெல்லையை வகுத்துக்கொள்ளாமையே தூய்மைவாதிகளுக்கும் ஒலிபெயர்ப்பாளருக்கும் இடையிலான பழைய வழக்கு முடிவுறாமைக்குக் காரணம் எனலாம்.

பொறியியலாளர் ஆங்கிலத்திற் பயில்கின்றனர். தமிழ்ச் சொற்கள் எவருக்கு என வினவுவோர் உளர். பொறியியலாளருக்கு அவை இன்றியமையாதன அல்ல என்பது உண்மையே. ஆயின் மன்னார்க் கடலிற் தொழில் செய்யும் மீனவனுக்கும், சுற்றாடல் பற்றிய அறிக்கையைத் தன் மொழியில் வாசித்து ஆட்சேபம் எழுப்பும் உரிமையுடைய குடிமகனுக்கும், வாயு அடுப்பின் முன் நிற்கும் இல்லத்தரசிக்கும் அவை தேவை. விளங்காத சொல்லால் எழுதப்பட்ட அறிக்கைக்கு எவரும் மறுப்புக் கூறவியலாது. கலைச்சொல்லின் தகுதியை அகராதியில் அதற்குள்ள இடத்தைக் கொண்டு அளத்தல் போதாது. ஆபத்து வேளையில் அதனை வாசிப்பவன் சரியான திசையில் ஓடுவானா என்பதே அதன் இறுதிப் பரீட்சை.