சுருளும் சுமையும்: பனியன் காட்டும் இரட்சிப்பின் நிச்சயம்

ஜான் பனியனின் ‘மோட்ச பிரயாணம்’ நம் சபைகளில் நன்கு அறியப்பட்ட நூல். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவியே ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தை இயற்றினார். எனினும் விசுவாசம், கிரியை, நிச்சயம் ஆகிய மூன்றின் உறவைப்பற்றிப் பனியன் கூறுவதில் நாம் பாதியையே கேட்டிருக்கிறோம்.

1678இல் வெளிவந்த முதற்பாகத்தில், கிறிஸ்தியானின் முதுகுச் சுமை சிலுவையண்டையில் அவனுடைய முயற்சியின்றியே கழன்று விழுகிறது. அதன் பின்னரே முத்திரையிட்ட சுருள் அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. இவ்வரிசை கவனிக்கத்தக்கது. சுருள் நிச்சயத்தின் அடையாளம். மலைவழியிலிருந்த பந்தலில் உறங்கி அவன் அதை இழந்தான். ஆயினும் விழுந்த சுமை மீண்டும் அவன்மேல் ஏறவில்லை. அசதி நிச்சயத்தைக் குலைக்கும். நீதிமானாக்கப்பட்ட நிலையைக் குலைப்பதில்லை. விழிப்பும் கீழ்ப்படிதலும் இரட்சிப்பின் விலையல்ல, இரட்சிக்கப்பட்டவனின் நடை.

இம்மட்டும் பனியன் சொல்வது தெளிவு. ஆனால் முதற்பாகத்தில் ஒரு குறையும் உண்டு. அங்கே நற்கிரியை என்பது பெரும்பாலும் தன் ஆத்துமாவைக் காக்கும் போராட்டமாகவே நின்றுவிடுகிறது. பிறனுக்கு இரங்கும் செயலுக்கு அதில் இடம் குறைவு. இதனை மட்டும் வாசிப்போர் சுருளைத் தம் சொந்தச் சான்றிதழாகக் கருதக்கூடும். ‘எந்த நாளில் இரட்சிக்கப்பட்டீர்?’ என்று கேட்டு, நாள் சொல்ல இயலாத எளிய விசுவாசியைக் கலங்கச் செய்யும் பிரசங்கத்தை நாம் கேட்டதில்லையா? அப்பொழுது நிச்சயமே ஒரு புதிய கிரியையாகி, மனிதன் சுமக்கவேண்டிய மற்றொரு சுமையாகிவிடுகிறது.

1684இல் வெளிவந்த இரண்டாம் பாகம் இக்குறையை நிறைவு செய்கிறது. இரக்கம் என்னும் இளம்பெண், தனக்கு அழைப்பு உண்டோ என்றஞ்சி வாசலிலேயே மூர்ச்சித்து விழுகிறாள். அவளே பின்னர் ஏழைகளுக்கென ஆடை தைத்துக் கொடுக்கிறாள். அதையறிந்து, அவளை மணக்க விரும்பி வந்தவன் விலகிப் போகிறான். அவள் தைப்பது நிச்சயத்தைச் சம்பாதிக்க அன்று, ஏற்றுக்கொள்ளப்பட்டவள் என்பதனாலேயே.

அச்சமுள்ளவர் என்னும் முதியவரோ, தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோமோ என்று வழியெல்லாம் நடுங்குகிறார். சிங்கங்களுக்கு அவர் அஞ்சவில்லை. அந்த ஒன்றுக்கே அஞ்சினார். அவர் கடக்கும் வேளையில் மரண ஆற்றின் நீர் என்றுமில்லாதபடி தாழ்ந்து, அவர் பாதங்களை நனைக்கும் அளவே நிற்கிறது. முதற்பாகத்தின் அறிவீனனோ, தன் நன்னடத்தையை நம்பி அச்சமின்றி ஆற்றைக் கடந்தும் பரலோக வாசலில் தள்ளப்பட்டான். அச்சமற்ற மனம் இரட்சிப்பின் அளவுகோல் அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18ஆம் அதிகாரமும், உண்மை விசுவாசி நிச்சயத்தை அடைய நெடுங்காலம் காத்திருக்கவும் போராடவும் நேரிடலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆகவே, மரணப்படுக்கையில் நடுங்குகிறவரிடம் சென்று அவருடைய விசுவாசத்தின் அளவைச் சோதிப்பது போதகரின் வேலையன்று. கிறிஸ்தியானே அந்த ஆற்றில் அமிழ்ந்தபோது, அவனுடைய தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடித்து, கிறிஸ்துவை நினைப்பூட்டியவன் உடன் வந்த தோழனே. நம் ஊழியமும் அதுவே.