சுளைக்கு மதிப்பெண் போடும் பினாங்கு

மே மாதம் பிறந்ததும் பினாங்குத் தீவில் டுரியான் பேச்சு தொடங்கிவிடும். ஜூன், ஜூலையில் உச்சம். ஆகஸ்டுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஜார்ஜ் டவுனில் மெக்காலிஸ்டர் சாலை ஓரத்திலேயே பழம் கிடைக்கிறது. ஆனாலும் வாரக் கடைசியானால் குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறி, பாயா தெருபோங் தாண்டி, துன் சார்டோன் சாலையின் வளைவுகளைக் கடந்து பாலேக் பூலாவ் பக்கம் போகிறவர்கள் பலர். ஒரே மேசையில் ஐந்தாறு ரகங்களை வரிசையாக உடைத்துச் சாப்பிட்டு, எது உசத்தி, எது சுமார் என்று வாதாடுவது அங்கே பருவகால வழக்கம். சில தோட்டங்கள் இதையே கட்டணம் வாங்கி நிகழ்ச்சியாக நடத்துகின்றன. இந்த மேசைகளில் பிறக்கும் தீர்ப்புகளை நம்பிப் பழத்தின் விலை ஏறுகிறது, ஒட்டுக்கன்றுகள் விற்கின்றன, பழைய மரத்தின் கிளையை வெட்டிப் புது ரகம் ஒட்டப்படுகிறது. ஆகவே தீர்ப்பு சொல்லும் முறையையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

மலேசியாவில் டுரியான் ரகங்களுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்யும் வேலையை வேளாண் துறை 1930களிலிருந்தே செய்துவருகிறது. புகழ்பெற்ற டி24 பதிவானது 1937இல். இன்று 'மூசாங் கிங்' என்ற பெயரில் ஊரெல்லாம் அறிந்த கிளந்தான் ரகம் 1993இல்தான் டி197 ஆயிற்று. பினாங்கின் சொந்தப் பிள்ளைகளும் பட்டியலில் உண்டு: ஹோர் லோர் டி163, ஆங் ஹே எனப்படும் உடாங் மேரா டி175. பின்னர் 2015இல், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்கோடியிலிருந்து வந்த ஓச்சி, அதாவது 'பிளாக் தோர்ன்', டி200 என்ற எண்ணைப் பெற்றது. பட்டியலுக்கு வெளியே ஒட்டுக்கட்டியவரின் பெயரைத் தாங்கும் குன் போ, லிப்பான், கேப்ரி, கிரீன் ஸ்கின் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் மாறும். ஒரே பெயரில் வேறு பழமும் வரும்.

ருசிபார்ப்பு நாக்கில் தொடங்குவதில்லை. கடைக்காரர் பழத்தைக் காம்போடு தூக்கிக் காதருகே ஆட்டுகிறார். உள்ளே லேசாக ஏதோ அசைந்தால் சதை ஓட்டைவிட்டுக் கழன்றிருக்கிறது, பழம் தயார். காம்பின் முனை ஈரமாகப் பச்சைவாடை அடித்தால் இன்றைக்கு விழுந்தது. காய்ந்து கறுத்திருந்தால் நேற்றையது. அடுத்து மூக்கு, முள்ளிடுக்கில். பிறகு பழத்தைக் கவிழ்த்து, அடியில் கோடுகள் கூடும் இடத்தில் கத்திமுனையைச் செருகி ஒரு திருகு. ஓடு விரிந்ததும் முதலில் பார்க்கப்படுவது சுளையின் மேல்தோல். அது மெலிதாகச் சுருங்கி வரியோடியிருந்தால் உள்ளே சதை இறுகிக் கொழகொழப்பாக இருக்கும். வழவழவென்று உப்பியிருந்தால் நீர் அதிகம். இத்தனைக்கும் பிறகே "மானிஸ்? பாஹிட்?" என்று, இனிப்பு வேண்டுமா கசப்பு வேண்டுமா என்று கடைக்காரர் கேட்கிறார்.

இந்த வழக்கத்தின் முதல் பலம், நேரத்தை அது கணக்கில் எடுத்துக்கொள்வது. தாய்லாந்தின் மொந்தோங் ரகத்தை மரத்திலிருந்து வெட்டி இறக்கிப் பிறகு பழுக்க வைப்பார்கள். பினாங்கில் பழம் தானாக விழவேண்டும். மரத்தடியில் வலை கட்டிக் காத்திருப்பார்கள். விழுந்த சில மணி நேரத்துக்குள் உடைத்தால் நாக்கின் நுனியில் மெல்லிய மரமரப்பு வரும் என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். ஆழ்ந்து ருசிப்பவர்கள் அதைத் தேடியே வருகிறார்கள். காலையில் விழுந்த பழம் மாலையில் இன்னொன்றாகிவிடுகிறது: மணம் கூர்மையாகி, இனிப்பின் அடியில் புளித்த சாராய வாடை எட்டிப் பார்க்கும். ஆகவே "எப்போது விழுந்தது?" என்ற கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்கும் மேசை, விலைச்சீட்டில் ரகத்தின் பெயரை மட்டும் ஒட்டி விற்கும் பேரங்காடியைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது பலம் பொருளாதாரம் சார்ந்தது. சீனா 2011இல் மலேசியாவின் உறைந்த டுரியான் சதையை உள்ளே விட்டது, 2019இல் உறைந்த முழுப்பழத்தை, 2024இல் புதுப்பழத்தையே. ஒவ்வொரு கதவு திறந்தபோதும் வாங்குபவர் கேட்ட பெயர் பெரும்பாலும் ஒன்றுதான், மூசாங் கிங். பகாங் மலைச்சரிவுகளில் தோட்டம் தோட்டமாக அந்த ஒரே ரகம் எழுந்ததற்குக் காரணம் இதுவே. பினாங்கின் ருசிபார்ப்பு மேசைக்கோ ஒரே ரகம் போதாது. ஐந்து பழத்தை ஒப்பிட ஐந்து ரகம் வேண்டும். பட்டுப்போலக் கரையும் ஆங் ஹே, சற்று வறண்டு கசப்பேறிய ஹோர் லோர், ஆரஞ்சு நிறச் சதையோடு வரும் ஓச்சி என்று வேறுபாட்டையே விற்கும் இடத்தில் பழைய மரத்தை வெட்டாமல் வைத்திருக்க விவசாயிக்கு ஒரு காசுக் காரணம் கிடைக்கிறது. சந்தை ஒருபக்கம் இழுக்க, இந்த வழக்கம் மறுபக்கம் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

மூன்றாவது, பேச்சு முதிர்ந்திருக்கிறது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869இல் வெளியான தம் மலாய்த் தீவுகள் நூலில் டுரியானை விளக்க பாதாம், பாலாடைக்கட்டி, வெங்காய சாஸ், ஷெர்ரி மது என்று தம் ஊர்ப் பண்டங்களை வரிசையாக அழைக்க வேண்டியிருந்தது. பாலேக் பூலாவ்காரருக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. சதையின் தடிமன், ஒட்டுந்தன்மை, கசப்பு எப்போது வருகிறது, விழுங்கிய பிறகு எது தங்குகிறது என்று பழத்தைப் பழமாகவே பிரித்துப் பேசுகிறார். அனுபவசாலியோடு உட்காரும் புதியவர், முதல் சுளையில் 'ஒரே வாடை' என்று தள்ளியதை நான்காவதில் பிரித்தறியத் தொடங்கிவிடுவார்.

இவ்வளவும் விவரிப்பின் பலம். தரவரிசைக்கு வரும்போதுதான் கால் இடறுகிறது.

மேசையில் உடைபடுவது ஒரு பழம். தீர்ப்பு எழுதப்படுவது ஒரு ரகத்தின் பெயரில். 'இந்த வருஷம் குன் போ, மூசாங் கிங்கை அடித்துவிட்டது' என்று ஒருவர் சொல்லும்போது உண்மையில் நடந்தது என்ன? ஒரு மரத்தில் குறிப்பிட்ட இரவில் விழுந்த குன் போ, வேறொரு சரிவில் வேறு வயது மரத்தில் வேறு நேரத்தில் விழுந்த மூசாங் கிங்கைவிட நன்றாக இருந்தது. விழுவதற்கு முன் அடித்த மழை சதையை நீர்க்கச் செய்யும் என்பது எல்லாத் தோட்டக்காரருக்கும் தெரியும். இளமரத்தின் பழம் கிழமரத்தின் பழத்துக்கு ஈடாகாது என்பதும் அவர்களே சொல்வதுதான். ஒரே பழத்தில் ஒரு அறைச் சுளை கசந்து, அடுத்த அறைச் சுளை இனிப்பதும் உண்டு. இத்தனை மாறிகள் இருக்க, பட்டியலில் ஏறுவது பெயர் மட்டுமே.

அடுத்த குறை, வரிசை. மென்மையானதிலிருந்து காரசாரமானதற்குப் போவது பொதுவிதி. கசப்பு முதலில் வந்தால் பின்னால் வரும் மென்சுவை அடிபட்டுப்போகும் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கடைசி நாற்காலி எப்போதும் விலையுயர்ந்த பழத்துக்கு என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. சாப்பிடுகிறவர் உச்சம் வரப்போகிறது என்று எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். இடையில் ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாலும், மங்குஸ்தான் உரித்துத் தின்றாலும் நாக்கு கொஞ்சம் தேறும், மூக்கு தேறாது. ஒரே மணத்தில் தொடர்ந்து இருந்தால் மூக்கு மந்தமாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த உடலியல். டுரியானிலோ வேலையில் பெரும்பங்கு மூக்குடையது. ஜெர்மனியில் மார்ட்டின் ஸ்டைன்ஹவுஸ் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், மொந்தோங் சதையின் மணத்தை இரண்டே இரண்டு சேர்மங்களைக் கலந்து ஏறத்தாழ மீட்டெடுக்க முடிந்தது: ஒன்று பழவாசனை தரும் எஸ்டர், மற்றொன்று வதக்கிய வெங்காயத்தை நினைவூட்டும் கந்தகச் சேர்மம். அதே ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த மூசாங் கிங் மரபணு வரைபடமும், கந்தக மணத்தோடு தொடர்புடைய மரபணு டுரியானில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மூன்றாம் பழத்துக்குள் களைத்துவிடும் மூக்கை நம்பி ஆறாம் பழத்துக்கு முடிசூட்டுவது சரியான போட்டி அல்ல.

மூன்றாவது குறை வெளிப்படையானது, ஆனால் பேசப்படாதது. பழத்தைத் தேர்ந்து, வரிசை வகுத்து, கதை சொல்லி, சுவைக்கு முன்பே பெயரையும் மரத்தின் வயதையும் அறிவிப்பவர் விற்பவரே. கண்ணைக் கட்டிக்கொண்டோ பெயரை மறைத்தோ நடக்கும் ருசிபார்ப்பு இங்கே வழக்கமில்லை. அறுபது வருஷ மரம் என்று காதில் விழுந்த பிறகு வாயில் போகும் சுளை கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும். ஏமாற்று என்று இதைச் சொல்ல முடியாது; பெரும்பாலான தோட்டக்காரர்கள் தாங்கள் சொல்வதை மனதார நம்புகிறார்கள். நம்பிக்கை எவ்வளவு நேர்மையானதோ அவ்வளவு தூரம் அது கேட்பவரின் நாக்கையும் வளைக்கும்.

கதையைப் போலவே கிடைக்காமையும் மதிப்பை ஏற்றும்; அதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. நீலகிரிச் சரிவில் பர்லியாறு, அதன் கீழே கல்லாறு ஆகிய அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் டுரியான் மரங்கள் உண்டு. மரங்கள் குறைவு, காய்ப்பும் குறைவு. குழந்தைப்பேறு தரும் என்ற நம்பிக்கையில் தொலைவிலிருந்தெல்லாம் ஆள் வந்து கேட்டு வாங்குகிறார்கள். எந்த மரத்துப் பழம் கசக்கும், எது இனிக்கும் என்று அங்கே யாரும் வாதாடுவதில்லை. அப்படியிருந்தும் நல்ல விலை போகிறது. நாக்கைக் கேட்காமலே அருமை விலையாக மாறும் என்றால், பினாங்கில் கொடுக்கப்படும் விலையில் சுவைக்கு எவ்வளவு, 'சீசன் முடியப்போகிறது' என்ற பதற்றத்துக்கு எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும்.

மற்ற ருசிபார்ப்புகளோடு வைத்துப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். தேயிலைக்குப் பன்னாட்டு அளவுகோலே உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். கொழும்பிலும் லண்டனிலும் ஒரே கோப்பையைத் தயாரித்துவிடலாம். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் இயங்கிய மெக்லெலண்ட் புகையிலை நிறுவனம், ஓர் ஆண்டு விளைந்த விர்ஜீனியா இலையை 'கிறிஸ்துமஸ் சியர்' என்ற பெயரில் டின்னில் அடைத்து, அந்த ஆண்டைக் குறித்துக் குறைந்த அளவில் விற்றது. பைப் புகைப்பவர்கள் அதை வாங்கி ஆண்டுக்கணக்கில் முதிரவைத்தார்கள். 2018இல் நிறுவனமே மூடிய பிறகும் பழைய டின்னைத் திறந்து முந்தைய மதிப்பீட்டைச் சரிபார்க்கிறார்கள். புகையிலை உடம்புக்குச் செய்யும் கேடு தனிக் கணக்கு. அங்கேயும் கிடைக்காமை விலையை ஏற்றிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் மறுபரிசோதனைக்கு டின் இருக்கிறது. டுரியானில் சாட்சியமே தீர்ப்போடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடுகிறது.

அதனால் இந்த வழக்கத்தைக் கைவிடவேண்டியதில்லை. அதனிடம் கேட்பதை மாற்றினால் போதும். எது சிறந்த ரகம் என்று கேட்டால் அது தடுமாறும். இந்தப் பழம் எப்படி இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் வேறெங்கும் கிடைக்காத துல்லியத்தோடு பதில் சொல்லும். செலவில்லாத சில திருத்தங்களும் உண்டு. விலைப்பலகையில் ரகத்தோடு மரத்தின் வயது, விழுந்த நேரம், முந்தின நாள் மழை ஆகியவற்றையும் சுண்ணக்கட்டியால் எழுதலாம். ஒரு சுற்றையாவது பெயர் சொல்லாமல் பரிமாறலாம். ஒரே ரகத்தில் இரண்டு மரத்துப் பழங்களை அருகருகே வைத்தால், ரகங்களுக்கு இடையிலான வேறுபாடு பெரிதா, மரங்களுக்கு இடையிலானது பெரிதா என்பது சாப்பிடுகிறவருக்கே விளங்கிவிடும். விலையுயர்ந்த பழம் ஒருநாளாவது வரிசையின் நடுவில் வரட்டும்.

இப்படிப் பார்ப்பதற்கு ஓச்சி நல்ல வாய்ப்பைத் தருகிறது. ஒட்டுக்கன்று காய்க்கச் சில ஆண்டுகளாவது ஆகும். 2015இல் டி200 என்று பதிவானதை நம்பி வெவ்வேறு மண்ணில் நடப்பட்ட கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வந்துகொண்டிருக்கின்றன. பெயருக்குக் கொடுத்த மதிப்பெண் பெயரோடு பயணம் செய்யுமா, செபராங் பிறையின் அந்தச் சில மரங்களோடு நின்றுவிடுமா என்பதை வரும் சில பருவங்களில் இளமரத்துப் பழத்தையும் மூத்த மரத்துப் பழத்தையும் ஒரே மேசையில் உடைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்த ஒப்பீட்டில் மட்டும் எது எந்த மரத்துப் பழம் என்பதைக் கடைசிச் சுளை முடியும்வரை கடைக்காரர் சொல்லாமல் இருக்க வேண்டும்.